நட்டுக்குள் மஞ்சள்

அத்தியாயம் ஆறு

சில்வெஸ்டர் குற்றத்தை ஒப்புக்கொண்ட வேகம் எரிக்குக்குப் பிடிக்கவில்லை.

பொதுவாக எரிக்கிடம் வருகிற கேஸ்களில் சம்பந்தப்பட்ட ஆள் 'நான் இல்லை சார்' என்றுதான் ஆரம்பிப்பான். அதை 'நானும்தான் சார்' என்ற இடத்துக்குக் கொண்டுவருவதற்குள் ஸ்கூட்டருக்கு இரண்டு டயர் தேய்ந்துவிடும். சில்வெஸ்டர் அந்தச் சிரமத்தையே கொடுக்கவில்லை. அடுகோடியில் தன் ஒர்க்‌ஷாப்புக்குள், ஏதோ ஒரு காரிலிருந்து பிடுங்கிப் போட்டிருந்த சீட்டில் உட்கார்ந்தபடி, கேள்வி வருவதற்கு முன்னாலேயே பதிலைச் சொல்லிவிட்டார்.

"நான்தான் சார் டைட் பண்ணாம விட்டிருப்பேன். சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுத்துடறேன். ஜூடித் கூப்பிட்டாள்னு நீங்க எதுக்கு அலையறீங்க."

குரலில் வருத்தமும் இல்லை, பயமும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் மாதிரி அந்த மனிதர் முழுக்க மரத்துப்போயிருந்தார். தட்டை முன்னால் வைத்தால் சாப்பிடுகிறார், வைக்காவிட்டால் கேட்பதில்லை என்று ஜூடித் சொல்லியிருந்தாள்.

ஜூடித் அவர் மனைவி. காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முந்தின நாள் ஜீவனஹள்ளியில் பேக்கரி மாடியில் இருக்கும் எரிக்கின் துப்பறியும் ஆபீசுக்கு வந்து, போர்டில் கணக்குப் போடுகிற நிதானத்தோடு விஷயத்தைச் சொன்னவள் அவள்தான்.

விஷயம் இது. பாலகுமார் என்று ஒருவன். எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. வார நாட்களில் சில்க் போர்டு டிராஃபிக்கில் ஊர்ந்துவிட்டு, அந்தக் கடுப்பைத் தீர்த்துக்கொள்ள வாரக் கடைசியில் இரண்டு சீட் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு ஹெப்பகோடி தாண்டி இருக்கும் ஒரு தனியார் டிராக்குக்குப் போகிறவன். அந்தக் காருக்குச் சகல வைத்தியமும் சில்வெஸ்டர்தான். ஆயுதபூஜைக்கு அடுத்த சனிக்கிழமை, ஒரு வளைவில், காரின் முன்பக்க இடது சக்கரம் தனியாகக் கழன்று ஓடியது. கார் சுவரில் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பாலகுமார் இறந்துபோனான். டிராக்கிலிருந்து போன் வந்து, நசுங்கின காரைப் போய்ப் பார்த்ததும் சில்வெஸ்டர்தான்.

பூஜைக்குச் சில நாள் முன்னால்தான் அந்தக் காரின் சக்கர வேலை முழுவதையும் சில்வெஸ்டர் செய்து கொடுத்திருந்தார். சக்கரம் கழன்றது, சக்கரத்தைப் பூட்டியவர் அவர். போலீசுக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

எரிக் பல வருடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கின கார்களைப் பார்த்து மதிப்புப் போட்டவர். கார்களைவிடக் கார்க்காரர்கள் சொல்லும் பொய்களை அதிகம் பார்த்திருக்கிறார். அவருடைய உதவியாளர் தர்ஷினி கிருஷ்ணகிரிக்காரி. கால் சென்டரில் வேலை பார்த்தபோது, திட்டிய வாடிக்கையாளரிடம் 'மூச்சு விட்டுட்டுத் திட்டுங்க சார், நான் எங்கயும் போகல' என்று சொன்னதற்காக வெளியே அனுப்பப்பட்டவள். அந்த நாக்கை எரிக் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்.

"எழுதிக் கொடுக்கறது இருக்கட்டும். அந்தக் கார்ல என்ன வேலை செஞ்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் எரிக்.

சில்வெஸ்டர் சொன்னார். யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். அந்த மாதிரி ஜெர்மன் கார்களில் சக்கரத்தைப் பிடித்திருப்பது போல்ட். கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். திரும்ப மாட்டும்போது ஒரு கையில் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்கு நேராக ஓட்டையை வைத்து, மறு கையால் போல்ட்டைத் திருக வேண்டும். டிராக்கில் ஓட்டுகிறவர்கள் ஒரே நாளில் பல தடவை டயர் மாற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் மரை தேயும். அதனால் போல்ட்டை ஒழித்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்டட் என்கிற மரை போட்ட தண்டுகளைப் பசை போட்டு நிரந்தரமாகப் பதித்துவிடுவது வழக்கம். பிறகு சக்கரத்தைத் தண்டுகளில் தொங்கவிட்டு நட்டை முடுக்கினால் போதும்.

எந்த நீளத்தில் தண்டு வாங்குவது என்பதில் அவருக்கும் பாலகுமாருக்கும் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்ததாம். பாலகுமாருக்குக் குட்டையாக, வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். சில்வெஸ்டர் நீளமாகத்தான் வேண்டும் என்றார். மேல்மாடி கட்டுவதற்காகக் கம்பியை நீட்டிக்கொண்டு நிற்கும் வீடு மாதிரி இருக்கிறது என்று பாலகுமார் முணுமுணுத்துவிட்டு விட்டுக்கொடுத்தான்.

"எதுக்கு நீளம்?"

"நட்டு முழுசா மரையில உக்காந்து, தண்டு நுனி வெளிய தெரியணும் சார். தெரிஞ்சாத்தான் கண்ணால பாத்து நம்பலாம்."

அலமாரியில் மிச்சம் இருந்த அந்த வகை நட்டு ஒன்றை எரிக் எடுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் திறந்த, கறுப்பு நிறச் சாதாரண நட்டு. கண்ணருகே வைத்தால் அதன் வழியாக எதிரே மாட்டியிருந்த மாதா படம் தெரிந்தது. கீழ்த்தட்டில் டார்க் ரெஞ்ச் இருந்தது. எவ்வளவு இறுக்க வேண்டுமோ அதை அதில் வைத்துவிட்டு முடுக்கினால், அந்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று ஒரு சத்தம் வரும். அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் பெயின்ட் பேனா.

"இது எதுக்கு?"

கதவோரம் நின்றிருந்த ஜூடித் பதில் சொன்னாள். கிளிக் கேட்டதும் தண்டு நுனியிலிருந்து நட்டு மேலாக ஒரு மஞ்சள் கோடு இழுப்பாராம். பிறகு நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"இந்தக் காருக்குக் கோடு போட்டீங்களா?"

"போடல. மறந்துட்டேன்" என்றார் சில்வெஸ்டர். அன்று காலையில் அவர் யோசித்துச் சொன்ன ஒரே பதில் அதுதான். சொல்வதற்கு முன் தரையைப் பார்த்தார்.

ஜூடித் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். வெளியே வந்ததும், வீட்டுக் குக்கர் கைப்பிடி ஸ்க்ரூவுக்குக்கூடக் கோடு போட்டு வைத்திருக்கிற ஆள் இவர் என்றாள். குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. உடனே சரி செய்துகொண்டாள்.

ஸ்கூட்டரில் ஏறும்போது தர்ஷினி சொன்னாள். "தன்னைக் காப்பாத்திக்கப் பொய் சொல்றவனைப் பாத்திருக்கேன் பாஸ். தன்னை மாட்டிவிட்டுக்கப் பொய் சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன். இது பரவினா நம்ம தொழிலே படுத்துடும்."

எரிக் சிரிக்கவில்லை. சட்டைப் பையில் அந்தக் கறுப்பு நட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

*

சப் இன்ஸ்பெக்டர் வீணா கோலார்க்காரி. வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ் என்று வளர்ந்தவள். இரண்டும் கலந்துதான் பேச்சு வரும்.

"ஏனு எரிக் சார், மத்தெ, மறுபடியும் வந்துட்டீங்களா. இந்த கேஸ்ல ஒண்ணும் இல்ல. நட்டு டைட் இல்ல, வீல் போச்சு, ஆய்து, அவ்வளவுதான். அவரே எழுதித் தர்றேன்கறார்."

கார் ஸ்டேஷனுக்குப் பின்னால், பிடிபட்ட ஆட்டோக்களுக்கும் மணல் லாரி ஒன்றுக்கும் நடுவில் நின்றிருந்தது. முன்பக்கம் இடது மூலையில் சக்கரம் இல்லை, ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். பின்னால் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பலகையில் பூஜைக்குக் கட்டிய செவ்வந்திச் சரம் காய்ந்து தொங்கியது. அதை யாரும் எடுக்கவில்லை. எரிக்குக்கு அந்தக் காரைப் பார்க்கவே பிடிக்கவில்லை, ஆனால் பார்ப்பதுதான் வேலை.

மிச்சமிருந்த மூன்று சக்கரங்களிலும் பளபளவென்று சிவப்பு நட்டுகள் இருந்தன.

"நெயில் பாலிஷ் போட்ட மாதிரி இருக்கு. நம்ம அடுகோடி மேஸ்திரிக்கு இந்த ரசனை இருக்கும்னு தோணல" என்றாள் தர்ஷினி.

எரிக் பையிலிருந்த கறுப்பு நட்டை எடுத்து ஒரு சிவப்பு நட்டின் அருகில் வைத்தார். கறுப்பு நட்டு இரண்டு பக்கமும் திறந்தது. சிவப்பு நட்டின் தலை மூடியிருந்தது, வழுவழுவென்று குவிந்து, கம்பெனிக்காரன் எழுத்து வேறு செதுக்கியிருந்தான். நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய தண்டு நுனி எங்கேயும் கண்ணில் படவில்லை.

பிறகு பின்பக்கச் சக்கரத்தில் காலை வைத்து அழுத்தினார். 'கடக்' என்றது. அடுத்த சக்கரம். 'கடக்'.

வீணா கையைக் கட்டிக்கொண்டாள். "எல்லா வீலும் லூஸ். உங்க ஆளுக்கு இது இன்னும் கெட்டதுதானே சார்?"

தர்ஷினியின் முகம் சுருங்கியது. அவளுக்கும் அப்படித்தான் பட்டது. எரிக் ஒரு நட்டைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டார். வீணா கொஞ்சம் யோசித்துவிட்டு, கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு வீல் ஸ்பேனர் கொண்டுவரச் சொன்னாள். தானே செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

நட்டு கையோடு வந்தது. உள்ளேயிருந்த தண்டின் நுனியில் மஞ்சள் பெயின்ட் இருந்தது, கோட்டின் ஒரு துண்டு மட்டும். எரிக் கழற்றிய நட்டைக் கவிழ்த்து, போனின் டார்ச்சை அதன் வயிற்றுக்குள் அடித்துக் காட்டச் சொன்னார். மூடிய தலையின் உள்பக்கம், அடி ஆழத்தில், தண்டு நுனி அழுந்திய இடத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"பேனா குடுங்க மேடம்" என்றார் எரிக்.

பேனாவை வாங்கி அதன் மூடியைக் கழற்றினார். மூடிக்குள் ஒரு காகிதத் துணுக்கை உருட்டிப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டினார். மூடி பாதியில் நின்றது. எவ்வளவு அழுத்தினாலும் பேனாவின் உடம்பு வரை வரவில்லை.

"மூடி உள்ள முட்டிடுச்சு. இதுக்கு மேல பலம் போட்டா பலம் பூரா அந்த முட்டற இடத்துக்குத்தான் போகும், உடம்பைப் பிடிக்காது. தண்டு நீளம், நட்டு மூடினது. நட்டு தண்டு நுனியில முட்டி நின்னுடுச்சு. சக்கரத்தை அது சரியாப் பிடிக்கவே இல்ல."

"ஆனா டைட்டா இருந்த மாதிரி இருந்திருக்கும்" என்றாள் வீணா மெதுவாக.

"டார்க் ரெஞ்ச் கிளிக்குன்னுகூடச் சொல்லியிருக்கும். அதுக்கு எங்க முட்டுதுன்னு தெரியாது."

தர்ஷினி அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அடுத்ததைச் சொன்னாள். "அப்ப அவர் கோடு போட்டிருக்கார். கோட்டோட பாதி தண்டுல இருக்கு. மீதிப் பாதி வேற நட்டுல இருக்கணும். யாரோ அதைக் கழட்டிட்டு இதை மாட்டியிருக்காங்க. இவர் எதுக்கு பாஸ் போடலன்னு சொன்னார்?"

எரிக் நட்டின் தலையை நகத்தால் சுரண்டினார். செதுக்கிய எழுத்துப் பள்ளத்தில் வெளிறிய மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தார். சந்தனம். ஆயுதபூஜை அன்று இந்த நட்டுகள் ஏற்கெனவே காரில் இருந்திருக்கின்றன. பூஜை ஒர்க்‌ஷாப்பில் நடக்கவில்லை. வேலை முடிந்த கார் பூஜைக்கு முன்பே பாலகுமாரின் அபார்ட்மென்டுக்குப் போய்விட்டது என்று ஜூடித் சொல்லியிருந்தாள்.

வீணா வீடியோவை நிறுத்தினாள். மாற்றியது யார் என்று தெரியாதவரை, சில்வெஸ்டர் வந்து எழுதிக் கொடுத்தால் தான் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

*

பாலகுமாரின் மனைவி சாந்தகுமாரி கதவைத் திறந்து, யார் என்று கேட்காமலேயே உட்காரச் சொன்னாள். ஹெப்பகோடி பக்கம், பத்தாவது மாடி. பால்கனியில் இரண்டு ஹெல்மெட்டுகள் கவிழ்ந்திருந்தன. ஒன்று அவனுடையது, சின்னது அவளுடையது.

காபி கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் மறுபடி காபி கொண்டுவந்தாள். ஏற்கெனவே இருந்த டம்ளர்களைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வைத்தாள். தர்ஷினி இரண்டையும் குடித்தாள்.

சில்வெஸ்டர் மேல் தனக்குப் புகார் எதுவும் இல்லை என்று சாந்தகுமாரி தானாகவே சொன்னாள். போலீஸிடமும் அதைத்தான் சொன்னாளாம். அண்ணா அப்படி விடுகிற ஆள் இல்லை, ஏதோ நடந்துவிட்டது என்றாள். அவள் சொன்னதில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை. மின்சாரம் போன வீட்டில் ஸ்விட்சைத் தட்டுகிறவள் மாதிரி, எது கேட்டாலும் பதில் வந்தது, வெளிச்சம் வரவில்லை.

"அந்தச் சிவப்பு நட்டு நல்லா இருக்கும்மா. யாரோட செலெக்‌ஷன்?" என்று எரிக் கேட்டார். சாதாரணமாகக் கேட்க வேண்டும் என்று லிஃப்டிலேயே ஒத்திகை பார்த்த கேள்வி.

"நான்தான் சார் வாங்கினேன்."

அவள் சொல்லச் சொல்ல எரிக் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி நீட்டிக்கொண்டு அசிங்கமாக இருக்கிறது என்று அவன் தினமும் புலம்பினான். ஆயுதபூஜைக்கு அவனுக்குத் தெரியாமல் அழகாக நட்டு வாங்கி மாட்டிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சைஸ் தெரியவில்லை. சில்வெஸ்டர் அண்ணாவுக்குப் போன் செய்தாள். பூஜை நேரம், அவர் ஒர்க்‌ஷாப்பில் கூட்டம். சட்டென்று மரை அளவைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"பூஜை அன்னிக்கு அவர் எழுந்திரிக்கறதுக்குள்ள கீழ பார்க்கிங்குக்குப் போய் மாத்தினேன் சார். எல்லாத்தையும் ஒரேயடியா கழட்டல. ஒண்ணைக் கழட்டி ஒண்ணைப் போட்டேன். அவர் கத்துக் குடுத்த மாதிரிதான். அந்த ரெஞ்சாலதான். ஒவ்வொண்ணுக்கும் கிளிக் கேட்டுச்சு."

அவன் கீழே வந்து பார்த்துச் சிரித்தானாம். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்து குனிந்து ஒவ்வொரு நட்டுக்கும் அவனே சந்தனப் பொட்டு வைத்தானாம்.

"டிராக்ல எறங்கறதுக்கு முன்னாடி போன் பண்ணார். எல்லாம் செக் பண்ணிட்டேன், எல்லாம் கிளிக், உன் நட்டு சூப்பர்னார்."

அதுதான் அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது. அவள் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

கழற்றிய நட்டுகள் என்ன ஆயின என்று எரிக் கேட்டார். அவள் உள்ளே போய் ஓர் இனிப்புக் கடைப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். கறுப்பு நட்டுகள். ஒவ்வொன்றிலும் பாதி மஞ்சள் கோடு. கேஸ் முழுவதும் அந்த அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. எடுத்துக்கொண்டு எழுந்தால் சில்வெஸ்டர் இன்று இரவு வீட்டில் சாப்பிடுவார்.

"ஏன் சார் இதைக் கேக்கறீங்க?"

எரிக் அவள் முகத்தைப் பார்த்தார். இருபத்தைந்து வருடமாக மனிதர்களிடம் உண்மையைப் பிடுங்கிய ஆள். ஒருவரிடம் உண்மையைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் நாக்கு எழவில்லை. அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"சும்மா. ஃபைலுக்கு" என்றார். பெட்டியை மூடி மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

லிஃப்டில் தர்ஷினி அவரை விடவில்லை. ஜூடித்துக்கு என்ன பதில் சொல்வது, நிரபராதி ஒருவர் கையெழுத்துப் போடப் போகிறார், அதற்கான சாட்சியை டீப்பாய் மேல் வைத்துவிட்டு வருவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டாள். கேட்டதெல்லாம் நியாயம்.

"நீ எடுத்துட்டு வந்திருக்கலாமே" என்றார் எரிக்.

லிஃப்ட் தரை தட்டியது. "என்னாலயும் முடியல பாஸ்" என்றாள் தர்ஷினி.

பார்க்கிங்கில் வந்துதான் எரிக்குக்கு மிச்சமும் புரிந்தது. சைஸ் கேட்டு அவள் போன் செய்தது சில்வெஸ்டருக்கு. விபத்து முடிந்ததும் டிராக்குக்குப் போய் அந்தச் சிவப்பு நட்டுகளை முதலில் பார்த்த மெக்கானிக்கும் அவர்தான். கோடு போட்டேன் என்று சொன்னால், அதை உடைத்தது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அவருக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும்.

*

அவர்கள் ஸ்டேஷனுக்குப் போனபோது சில்வெஸ்டர் வந்துவிட்டிருந்தார். மேஜையில் காகிதம் இருந்தது, கையில் பேனா இருந்தது. ஜூடித் சுவரோரமாக நின்றிருந்தாள். வீணா வேண்டுமென்றே வேறு ஏதோ ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எரிக் அவர் தோளைத் தொட்டு வராந்தாவுக்கு அழைத்துப் போனார். ஜூடித்தும் பின்னால் வந்தாள்.

"சாந்தகுமாரி வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றார் எரிக்.

சில்வெஸ்டர் நிமிர்ந்தார். பயம் என்று ஒன்று அந்த முகத்தில் முதல் தடவையாக வந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

அவர் பெருமூச்சு விட்டு, வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டார். "அவ மரை அளவு கேட்டா சார். நான் அளவு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டேன். மூடின நட்டா, திறந்த நட்டான்னு கேக்கல. ஒரு வார்த்தை. கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அப்ப தப்பு யாரோடது?"

"பாலகுமாருக்குத் தெரிஞ்சிருக்கணுமே. ஒரு வாரம் உங்களோட அதைப் பத்திச் சண்டை போட்டவன்."

"அவனுக்குத் தெரியும் சார். தெரியாம என்ன. பொண்டாட்டி ஆசையா வாங்கிக் குடுத்தது. அதைப் போய் எவன் திருப்பித் திருப்பிப் பாப்பான்?"

ஜூடித் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவளைப் பார்த்தே பேசினார்.

"நான் எழுதிக் குடுத்தா கேஸ் நடக்கும். ஒர்க்‌ஷாப் போகும். உள்ள போனாக்கூட ஒரு நாள் வெளிய வந்துடுவேன் ஜூடித். அந்தப் பொண்ணுக்கு இது தெரிஞ்சா, அது எப்ப வெளிய வரும்?"

எரிக் தர்ஷினியைப் பார்த்தார், அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் அருகே ஓர் ஆட்டோ வந்து நின்றிருந்தது.

சாந்தகுமாரி இறங்கினாள். கையில் அந்த இனிப்புக் கடைப் பெட்டி இருந்தது. வராந்தாவில் நின்ற யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே போய், வீணாவின் மேஜையில் பெட்டியை வைத்தாள். அவர்கள் எல்லோரும் அவள் பின்னாலேயே உள்ளே போனார்கள்.

"இது சில்வெஸ்டர் அண்ணா போட்ட நட்டு மேடம்" என்றாள். ஒரு நட்டை எடுத்துத் தன் சுண்டுவிரலை அதற்குள் விட்டாள். விரல் நுனி மறுபக்கம் வந்தது. "இதுல ரெண்டு பக்கமும் ஓட்டை. நான் வாங்கினதுல ஒரு பக்கம்தான். சார் போனதும் இதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். நல்லா இறுக்கியிருந்ததைக் கழட்டினது நான்தான்."

வெளியே யாரோ தீபாவளிக்கு முன்கூட்டியே வெடி வெடித்தார்கள்.

சில்வெஸ்டர் முன்னால் வந்து, மேஜை மேலிருந்த காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். வீணா அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடியைப் போட்டாள். காகிதத்தையும் எடுத்துக் கிழித்தாள். வீடியோவும் நட்டுகளும் போதும், இது யாருடைய அலட்சியமும் இல்லை என்று தானே மேலதிகாரிக்கு எழுதுவதாகச் சொன்னாள். யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

சாந்தகுமாரி சில்வெஸ்டர் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"கிளிக் கேட்டுச்சே அண்ணா."

"கேட்டிருக்கும்மா" என்றார் சில்வெஸ்டர். "நானே முடுக்கியிருந்தாலும் எனக்கும் கேட்டிருக்கும்."

சொல்லிவிட்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. ஜூடித் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். விபத்துக்குப் பிறகு அவர் அழுவது அதுதான் முதல் தடவை.

சாந்தகுமாரிக்கு இன்னும் அழுகை வரவில்லை. அவள் பெட்டியிலிருந்து நட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மஞ்சள் கோடு மேலே தெரியும்படி திருப்பி, வீணாவின் மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.